தேதி குறிக்கப்பட்ட வாரியம்

ஹூஸ்டனில் என் சித்தி மகன் மருந்தாளுநராக வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது ஒருநாள், ஷிஃப்ட் முடிகிறவரை கடையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இல்லாததால் சுவரில் இருந்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு அறிவிப்பு, இந்த மருந்துக்கடை பற்றிப் புகார் இருந்தால் டெக்சஸ் மாநில மருந்தக வாரியத்துக்குத் தெரிவிக்கலாம் என்றது. நம்மூர் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே எழுதி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

"இந்த வாரியம் என்னடா பண்ணும்?" என்று கேட்டேன்.

"லைசென்ஸ் குடுக்கும், தப்பு பண்ணா புடுங்கும். மத்தபடி அப்படி ஒண்ணு இருக்கறதே யாருக்கும் தெரியாதுண்ணா" என்றான்.

அன்றிரவு தூக்கம் வராமல் அந்த வாரியத்தின் சட்டத்தைத் தேடிப் படித்தேன். சட்டப் புத்தகங்களைப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. டெக்சஸ் தொழில்கள் சட்டத் தொகுப்பு, பிரிவு 551.005. சின்னப் பிரிவுதான். சட்டமன்றம் நீட்டித்தால் ஒழிய, இந்த வாரியம் 2029 செப்டம்பர் 1 அன்று ஒழிக்கப்படும் என்று அதில் இருந்தது.

இரண்டு தடவை படித்தேன். ஒரு அரசு அமைப்பை உருவாக்கும் சட்டமே அது சாகும் நாளையும் குறித்து வைத்திருக்கிறது. நாம் பழகிய உலகத்தில் வாரியங்கள் பிறக்கும், பெயர் மாறும், புதுக் கட்டடத்துக்குக் குடிபோகும். சாவது மட்டும் கிடையாது. 1907இல் பிறந்த டெக்சஸ் மருந்தக வாரியமோ, கடந்த சில பத்தாண்டுகளாகத் தலைக்கு மேல் ஒரு தேதியைச் சுமந்துகொண்டே வேலை செய்து வருகிறது. அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில் உருவானதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு தலைமுறையின் ஆயுள்

எண்ணம் பழையது. 1789 செப்டம்பர் 6 அன்று, பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் தன் நண்பர் ஜேம்ஸ் மாடிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பூமி உயிரோடு இருப்பவர்களுக்கு உரியது, செத்துப்போனவர்கள் போட்ட சட்டம் உயிரோடு இருப்பவர்களை ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவருடைய கேள்வி. பிரெஞ்சு அறிஞர் பூஃபோனின் இறப்புக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு தலைமுறையின் ஆயுள் சுமார் 19 ஆண்டுகள் என்று கணக்குப் போட்டார். எனவே எந்தச் சட்டமும் 19 ஆண்டுகளில் தானாகக் காலாவதியாக வேண்டும்.

மாடிசன் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பதில் எழுதினார். மரியாதையான மறுப்பு. குறித்த நாளில் சட்டங்கள் தானாகச் செத்துப்போனால், பழையது போய்ப் புதியது வராத ஒரு இடைவெளி உருவாகலாம். அந்த இடைவெளியை நம்பிப் பிழைக்கிற கூட்டமும் கிளம்பும். ஏறக்குறைய இதுதான் அவர் கவலை. இருவரில் யார் சரி என்று தெரிய இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பதில், யாரும் எதிர்பாராத ஒரு இடத்தில் கிடைத்தது.

காவலாளிக்கு யார் காவல்

அதற்கு முன், வாரியங்கள் ஏன் வந்தன என்று பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மருந்து விற்க யாருக்கும் பெரிய தகுதி தேவைப்படவில்லை. கலப்பட மருந்துகள் வந்து குவிந்ததால், 1848இல் இறக்குமதி மருந்துகளைப் பரிசோதிக்க ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 1852இல் பிலடெல்ஃபியாவில் மருந்தாளுநர்கள் தேசிய சங்கம் அமைத்தார்கள். பிறகு மாநிலம் மாநிலமாக உரிமச் சட்டங்களும் அவற்றை நடத்த வாரியங்களும் வந்தன. தொழிலுக்கு உரிமம் கேட்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்பதை, மருத்துவர்கள் தொடர்பான ஒரு வழக்கில் 1889இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

வாரியத்தில் உட்கார ஆள் வேண்டுமே? மருந்து பற்றித் தெரிந்தவர் மருந்தாளுநர்தான். அவரையே உட்கார வைத்தார்கள். நியாயமான ஏற்பாடு. சிக்கலும் அங்கேதான்.

வர்ஜீனியா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். மருத்துவர் எழுதித்தரும் மருந்தின் விலையை ஒரு கடை விளம்பரம் செய்தால் அது தொழில் ஒழுக்கக்கேடு என்று அங்கே சட்டம் இருந்தது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு மருந்தக வாரியத்திடம். நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. அந்த வழக்கின் தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது: நியூபோர்ட் நியூஸ், ஹாம்ப்டன் பகுதியில் ஒரே அளவு டெட்ராசைக்ளின் ஒரு கடையில் 1.20 டாலர், இன்னொரு கடையில் 9 டாலர். சாதாரண ஆண்டிபயாடிக். காய்ச்சலோடு இருக்கும் கிழவி கடை கடையாக ஏறி இறங்கி விலை விசாரிக்க முடியுமா? 1976 மே 24 அன்று, நீதிபதி பிளாக்மன் எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

பொதுமக்களைக் காப்பாற்ற வந்த வாரியம், போட்டியிலிருந்து கடைக்காரர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இது வர்ஜீனியாவோடு முடிந்த கதையும் இல்லை. வட கரோலினாவில், வணிக வளாகங்களில் பல் வெளுக்க வைக்கும் சின்னக் கடைகள் பல் மருத்துவர்களின் வருமானத்தைக் குறைத்தன. பல் மருத்துவர்களே பெரும்பான்மையாக இருந்த வாரியம் அந்தக் கடைகளுக்கு 'நிறுத்து' என்று கடிதம் அனுப்பியது. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தொழில் செய்பவர்களே நடத்தும் வாரியத்தை அரசு உண்மையாகக் கண்காணிக்காவிட்டால், போட்டித் தடுப்புச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு கிடையாது என்றது.

லாரிக்கு எஃப்.சி., வாரியத்துக்கு சன்செட்

விலை விளம்பரத் தீர்ப்பு வந்த அதே 1976இல், கொலராடோ மாநிலம் நாட்டின் முதல் 'சன்செட்' சட்டத்தை நிறைவேற்றியது. அஸ்தமனச் சட்டம் என்று சொல்லலாம். வாட்டர்கேட்டுக்குப் பிந்தைய காலம் அது. அரசு என்றாலே சந்தேகம். காமன் காஸ் என்ற குடிமக்கள் அமைப்பு முன்னால் நின்றது. அரசாங்கம் சிறுக்க வேண்டும் என்ற வலதுசாரிக்கும் இது பிடித்தது, அரசாங்கம் யாருக்காவது பதில் சொல்ல வேண்டும் என்ற இடதுசாரிக்கும் பிடித்தது. அடுத்த ஆண்டே டெக்சஸ் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துகொண்டன. பல மாநிலங்கள் அலுத்துப்போய்க் கைவிட்டும்விட்டன. டெக்சஸ் விடாமல் பிடித்துக்கொண்டது.

லாரிக்காரர்களுக்கு இதை ஒரு வார்த்தையில் விளக்கிவிடலாம்: எஃப்.சி. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது போதாது, குறித்த நாளில் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் ஓடத் தகுதி உண்டு என்று சான்று வாங்க வேண்டும். டெக்சஸில் வழக்கமாகப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த எஃப்.சி. முதலில் வாரியம் தன்னைப் பற்றித் தானே ஒரு அறிக்கை எழுதித் தர வேண்டும். பிறகு சன்செட் ஆலோசனைக் குழுவின் ஊழியர்கள் மாதக்கணக்கில் உள்ளே புகுந்து துருவுவார்கள். அந்தக் குழுவில் மேலவை உறுப்பினர்கள் ஐந்து பேர், கீழவை உறுப்பினர்கள் ஐந்து பேர், பொதுமக்கள் தரப்பில் இரண்டு பேர். ஊழியர் அறிக்கை வெளிவரும். பொது விசாரணை நடக்கும், யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். கடைசியில் சட்டமன்றம் மசோதா போட்டு நீட்டிக்க வேண்டும். போடாவிட்டால் தேதி தன் வேலையைச் செய்யும்.

கேட்கப்படும் முதல் கேள்வி எளிமையானது: இந்த அமைப்பு இன்னும் தேவைதானா?

மூன்று தாள்களின் கதை

மருந்தக வாரியத்தின் முறை 2016, 2017இல் வந்தது. அந்தக் கேள்விக்கு அந்த நேரத்தில் இருந்த எடை புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் டெக்சஸ் ஒரு விதி கொண்டுவந்தது. அடிமைப்படுத்தும் ஆபத்து அதிகமுள்ள வலிநிவாரணிகளை எழுதும் மருத்துவர், மாநிலம் தரும் மூன்று படி மருந்துச்சீட்டில்தான் எழுத வேண்டும். ஒரு படி மருத்துவரிடம், ஒன்று மருந்துக்கடையில், மூன்றாவது மாநில அரசுக்கு. மருத்துவர்களுக்கு இது பெரிய எரிச்சல். இதற்காகத் தனிப் புத்தகம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், பத்திரப்படுத்த வேண்டும். இப்படிப்பட்ட சிவப்பு நாடாவை யார்தான் விரும்புவார்கள்?

1996இல் பர்டியூ நிறுவனம் ஆக்சிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஓபியாய்டு பேரழிவு அங்கிருந்து தொடங்குவதாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். ஆல்பர்ட், எவன்ஸ், லீபர், பவல் என்ற நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காட்டியது. அந்தச் சமயத்தில் மூன்று படிச் சீட்டு நடைமுறையில் இருந்தவை கலிஃபோர்னியா, ஐடஹோ, இல்லினாய், நியூயார்க், டெக்சஸ் ஆகிய ஐந்து மாநிலங்கள். அங்கே ஆக்சிகான்டின் விநியோகம் மற்ற மாநிலங்களைவிட மிகக் குறைவு. பின்னாளில் மிகைமருந்து மரணங்கள் அதிகரித்த வேகமும் குறைவு. சீட்டு எழுதும் தொல்லைக்குப் பயந்து மருத்துவர்கள் எழுத மாட்டார்கள் என்று கணித்து, நிறுவனமே அந்த மாநிலங்களில் விற்பனை முயற்சியை அடக்கி வாசித்தது அதன் உள் ஆவணங்களில் தெரிந்தது.

எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. யாரோ ஒரு குமாஸ்தா வடிவமைத்திருக்கக்கூடிய ஒரு கார்பன் தாள், எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த மனிதர்களுக்கு அது தெரியவே போவதில்லை.

மூன்று படிச் சீட்டு பிறகு போய்விட்டது. அதன் இடத்தில் மின்னணுத் தரவுத்தளம் வந்தது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பதிவு. பல ஆண்டுகள் மாநிலக் காவல் துறையிடம் இருந்த அது, 2016 செப்டம்பரில் மருந்தக வாரியத்தின் கைக்கு வந்தது. ஆனால் மருத்துவர் மருந்து எழுதும் முன் அதைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் சட்டத்தில் இல்லை. விளக்கு இருந்தது, சுவிட்ச் போட ஆளில்லை. இந்த நிலையில்தான் எஃப்.சி. நாள் வந்தது.

வாரியம் தேவைதானா என்ற கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்த 'ஆம்' சொல்வதற்காக ஒரு மசோதா போட்டே ஆக வேண்டும். போட்டே ஆக வேண்டிய மசோதாவில் வேறு விஷயங்களையும் ஏற்றலாம். ஹூஸ்டனைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் சென்ஃப்ரோனியா தாம்சன் கொண்டுவந்த கீழவை மசோதா 2561 வாரியத்தை 2029 வரை நீட்டித்தது. கூடவே, மருந்து கொடுத்த விவரத்தைக் கடைகள் அடுத்த வேலை நாளுக்குள் பதிய வேண்டும் என்றது. நான்கு வகை மருந்துகளை எழுதும் முன் நோயாளியின் பதிவைப் பார்ப்பதைக் கட்டாயமாக்கியது: ஓபியாய்டுகள், பென்சோடயசெபைன்கள், பார்பிச்சுரேட்டுகள், கேரிசோப்ரோடால். புற்றுநோயாளிகளுக்கும் இறுதிக்காலப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கும் விலக்கு.

கேரிசோப்ரோடால் ஒரு சாதாரணத் தசைத்தளர்வு மாத்திரை. அது ஏன் இந்தப் பட்டியலில் தனியாக நிற்கிறது? சித்தி மகனைக் கேட்டேன். சிரித்தான். "எங்க ஊர் பேருலயே ஒரு காக்டெய்ல் இருக்குண்ணா." ஹைட்ரோகோடோன், கேரிசோப்ரோடால், அல்பிரஸோலம் மூன்றையும் சேர்த்து எடுப்பதற்கு 'ஹூஸ்டன் காக்டெய்ல்' என்றே பெயர். ஒவ்வொன்றும் தனித்தனியாக மருந்து. மூன்றும் சேர்ந்தால் மூச்சை நிறுத்தக்கூடியவை. சட்டத்தின் ஒரு வரியில் ஒரு நகரத்தின் துக்கம் இப்படி ஒளிந்திருக்கிறது.

மருத்துவர்கள் தரப்பில் முணுமுணுப்பு இருந்தது. 2019 செப்டம்பரில் தொடங்க வேண்டிய கட்டாயம் 2020 மார்ச் 1க்குத் தள்ளிப்போனது. ஆனால் வந்தது.

பணயமாக ஒரு வாரியம்

இங்கே நிறுத்தினால் இது ஜெஃபர்சன் ஜெயித்த கதை. மாடிசனுக்கும் ஒரு முறை வர வேண்டுமே. அதுவும் அதே 2017இல்தான் வந்தது.

டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாட்கள் மட்டும் கூடும். மருந்தக வாரியத்தைப் போலவே மருத்துவர்களுக்கான மருத்துவ வாரியத்துக்கும் அந்த ஆண்டு தேதி இருந்தது. உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், மன ஆலோசகர்கள், குடும்ப ஆலோசகர்கள் ஆகியோரின் அமைப்புகளுக்கும்தான். மருந்தக வாரியத்தின் மசோதா பிழைத்துக் கரையேறியது. இந்த ஐந்தும் மாட்டிக்கொண்டன. கீழவையில் உட்கட்சிச் சண்டையில் நேரம் கடந்துபோய், அவற்றைக் காப்பாற்றும் மசோதா மே மாத நள்ளிரவுக் கெடுவைத் தவறவிட்டது.

மேலவையிடம் இன்னொரு மசோதா இருந்தது. மேலவைக்குத் தலைமை வகிக்கும் துணை ஆளுநர் டான் பேட்ரிக் அதை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டார். அவருக்குக் கீழவையிலிருந்து வேறு ஒன்று வேண்டியிருந்தது. பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் திருநர்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மசோதா அவற்றில் முக்கியமானது. கீழவைத் தலைவர் ஜோ ஸ்ட்ராஸ் அதற்கு இசையவில்லை. இருவரும் ஒரே கட்சி. மே 29 அன்று கூட்டத்தொடர் முடிந்தது. டாக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் வாரியத்துக்கு ஆயுள் நீட்டிப்பு இல்லை.

கழிப்பறைக்கும் மருத்துவ வாரியத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை. அதனால்தான் அது நல்ல பணயம். இது சாகக் கூடாது என்று இரு தரப்புக்கும் தெரியும். யார் முதலில் பயப்படுகிறார்கள் என்பதே ஆட்டம். ஆளுநர் கிரெக் அபட் ஜூலை 18 முதல் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். முதலில் வாரியங்களை நீட்டியுங்கள், பிறகுதான் மற்ற விஷயங்கள் என்றார். நீட்டித்தார்கள். கழிப்பறை மசோதா ஆகஸ்டில் செத்துப்போனது. மாடிசன் பயந்த இடைவெளி திறக்கவில்லை, ஆனால் கதவு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

2019இல் அது திறந்தேவிட்டது. இந்த முறை பிளம்பர்கள். அவர்களின் வாரியத்தை வேறொரு துறையோடு இணைப்பதா வேண்டாமா என்ற சண்டையில், நீட்டிப்பு மசோதா கடைசி நேரத்தில் தோற்றது. கொல்ல வேண்டும் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. சண்டை முடியவில்லை, நேரம் முடிந்துவிட்டது. பிளம்பர்கள் கொதித்தார்கள். ஜூன் 13 அன்று ஆளுநர், ஹார்வி புயலின் மறுகட்டுமானத்துக்கு பிளம்பர்கள் அவசியம் என்று சொல்லி, பேரிடர் கால அதிகாரத்தை எடுத்து வாரியத்தை 2021 வரை உயிரோடு வைத்தார். 2017இல் வந்த புயலின் அதிகாரம், 2019இல் சட்டமன்றம் கோட்டைவிட்டதை மூடப் பயன்பட்டது.

யார் வந்து உட்காருகிறார்கள்

இவ்வளவையும் படித்து முடித்தபோது, முதலில் அந்தப் பிரிவைப் பார்த்தபோது வந்த உற்சாகம் எனக்கு இல்லை. ஆனால் வெறுப்பும் வரவில்லை.

சன்செட் சட்டம் தேவையில்லாத அமைப்புகளைக் கொன்று குவிக்கும் என்று 1976இல் நம்பினார்கள். பெரிய, தேவையான வாரியங்கள் கொல்லப்படுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த 'ஆம்'தான் மறுபடி மறுபடி வருகிறது. அப்படியென்றால் இது வெறும் சடங்கா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருந்துப் பதிவைப் பார்க்கும் கட்டாயம் தனி மசோதாவாக வந்திருந்தால், ஆயிரக்கணக்கான மசோதாக்களில் ஒன்றாக எங்காவது தூங்கிப்போயிருக்கலாம். தேதி இருந்ததால், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது பத்து சட்டமன்ற உறுப்பினர்கள் உட்கார்ந்து, மாத்திரை எண்ணும் ஒரு அலுவலகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

அந்தத் தேதி ஒரு கதவு மட்டுமே. அது திறக்கும் நேரத்தில் நல்ல யோசனையோடு நிற்பவரும் உள்ளே வரலாம், கத்தியோடு நிற்பவரும் வரலாம். மருந்தக வாரியத்துக்கு முதலாமவர் வந்தார், மருத்துவ வாரியத்துக்கு இரண்டாமவர். ஜெஃபர்சன் அந்தக் கதவைக் கேட்டார், மாடிசன் வாசலில் யார் நிற்பார்கள் என்று கேட்டார். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் கதவு இருக்கட்டும் என்றே சொல்வேன். டெட்ராசைக்ளினுக்கு ஒன்பது டாலர் கொடுத்த கிழவிக்கு, அவள் பக்கம் பேசக் கதவே இல்லாததுதான் பிரச்சினை.

ஆனால் கதவு திறக்கும் நாளில் அங்கே இருக்க வேண்டும். இன்றைய வாரியத்தில் பதினொரு பேர். ஏழு பேர் மருந்தாளுநர்கள், ஒருவர் மருந்தகத் தொழில்நுட்பர், மூன்று பேர் பொதுமக்கள் தரப்பு. 2029க்கு முன்னால் ஆய்வு வரும், பொது விசாரணை வரும். பெரிய மருந்துக்கடை நிறுவனங்களும் மருத்துவர் சங்கங்களும் கட்டாயம் ஆள் அனுப்பும். அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்களிடம் இருக்கிறார்கள்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று சித்தி மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் உரிமத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு முப்பது மணி நேரம் தொடர்கல்வி படித்திருக்க வேண்டும்.

"எனக்கு ரெண்டு வருஷம், வாரியத்துக்குப் பன்னெண்டு வருஷமா? பரவாயில்லையே" என்றான்.

"அடுத்த விசாரணை வரும்போது நீ போய்ப் பேசுடா. யார் வேணா பேசலாமாம். கவுன்டர்ல என்ன நடக்குதுன்னு உனக்குத்தானே தெரியும்?"

கொஞ்சம் யோசித்தான்.

"ஆஸ்டின் போகணும்ணா, மூணு மணி நேரம். அன்னிக்கு ஷிஃப்ட் இருக்கும்."